ரியோகானில் சின்னக் குழந்தைகளோடு இரவு விருந்து: முன்பதிவிலிருந்து காலைச் சோறு வரை

ஜப்பானின் பாரம்பரிய விடுதியான ரியோகானில் ஓர் இரவு தங்கினால், பெரும்பாலும் இரண்டு வேளைச் சாப்பாடும் வாடகையோடு சேர்ந்தே வரும். இரவுச் சாப்பாடு கைசெகி முறையில் நடக்கும். சின்னச் சின்னக் கிண்ணங்களில் எட்டு, பத்து வகைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். முடிய ஒன்றரை மணி நேரமாவது ஆகும், சில இடங்களில் இரண்டு மணி நேரம். சோறு கடைசியில்தான் வரும்.

சின்னக் குழந்தைகளோடு போகிறவர்கள் தடுமாறுவது இந்தக் கடைசி வரியில்தான். நாங்கள் தோக்கியோவில் நிஷி-கசாய் பக்கம் குடியிருக்கிறோம். ஊரிலிருந்து வருகிற சொந்தக்காரர்களை ஒரு ராத்திரியாவது வெந்நீர் ஊற்று ஊரான ஹகோனேவுக்கு அழைத்துப் போவது எங்கள் வழக்கம். முதல் முறை என் நாத்தனாரின் மூன்று வயது மகளும் வந்திருந்தாள். ஆறு மணிக்கு உட்கார்ந்தோம். ஆறேமுக்காலுக்கு, "அத்தை, சாதம் எப்ப வரும்?" என்று என் கையைச் சுரண்டிக் கேட்டாள். ஏழரைக்கு ஆவி பறக்கச் சோறு வந்தபோது அவள் அம்மா மடியில் தூங்கிப் போயிருந்தாள். அன்று அவள் சாப்பிட்டது இரண்டு வாய் முட்டைப் பணியாரமும் அரை வாழைப்பழமும்தான்.

அதற்குப் பிறகு பல குடும்பங்களோடு போய் வந்ததில், எதை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பது பிடிபட்டது. ஒரு வயதிலிருந்து ஏழெட்டு வயதுவரை உள்ள குழந்தைகளை மனதில் வைத்து எழுதுகிறேன்.

1. எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

விடுதியின் அழகு, வெந்நீர் ஊற்று எல்லாம் அடுத்த கேள்வி. சாப்பாடு எங்கே பரிமாறப்படும் என்பதுதான் முதல் கேள்வி. மூன்று வகை உண்டு. தங்கும் அறைக்கே கொண்டுவந்து தருவது ஹெயா-ஷொகு. தனியாக அடைத்த ஒரு சிறு அறையில் தருவது கோஷித்ஸு. மூன்றாவது, எல்லா விருந்தினரும் சேர்ந்து உட்காரும் பொதுக்கூடம்.

நான்கு வயதுக்குக் கீழே குழந்தை இருந்தால் ஹெயா-ஷொகு கிடைக்கும் இடத்தையே தேடுங்கள். குழந்தை நடுவில் எழுந்து உருளலாம், அழலாம், தூங்கிவிடலாம், யாருக்கும் தொந்தரவில்லை. கொஞ்சம் கூடுதல் பணம் ஆனாலும் அது வீண் போகாது. கிடைக்காவிட்டால் கோஷித்ஸு. பொதுக்கூடம் என்றால் ஆறு வயதுக்கு மேற்பட்ட, உட்கார்ந்து பழகிய பிள்ளைகளுக்குச் சரி.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். சில ரியோகான்கள் சின்னப் பிள்ளைகளை ஏற்பதே இல்லை. இந்த நிபந்தனை முன்பதிவுப் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும்.

2. முன்பதிவில் குழந்தைக்கு எந்தப் பிரிவு என்று நிதானமாகப் படியுங்கள்

ஹோட்டலில் அறைக்குப் பணம் கட்டுவோம். ரியோகானில் ஆளுக்குப் பணம். குழந்தைக்கும் பிரிவு பிரிவாகக் கட்டணம் உண்டு: பெரியவர் சாப்பாட்டின் சிறிய வடிவமும் படுக்கையும், குழந்தைச் சாப்பாடும் படுக்கையும், படுக்கை மட்டும், இரண்டும் இல்லை. முதல் மூன்றுக்கும் பெரியவர் கட்டணத்தில் முறையே 70, 50, 30 விழுக்காடு என்ற கணக்கைப் பல இடங்களில் பார்க்கலாம். இடத்துக்கு இடம் இது மாறும்.

பலர் செய்யும் தவறு இங்கேதான். 'பிள்ளை எங்கள் தட்டிலிருந்து சாப்பிட்டுக்கொள்வான்' என்று மூன்று வயதுப் பையனுக்கு 'இரண்டும் இல்லை' என்ற பிரிவைத் தேர்ந்தெடுத்துவிடுவார்கள். ரியோகான் சமையலறை ஆள் கணக்குப் பார்த்து அன்றன்றைக்குச் சாமான் வாங்குகிறது. அங்கே போய் உட்கார்ந்துகொண்டு ஒரு சாப்பாடு கூடுதலாகக் கேட்டால் தர வழியிருக்காது. பெரியவர் தட்டில் இருப்பதோ பச்சை மீனும், ஊறுகாய் போட்ட காயும், ஒரு விரல் நீளப் பொரியலும்.

ஒன்றரை வயதுக்கு மேல் சோறு தின்கிற எந்தக் குழந்தைக்கும் குழந்தைச் சாப்பாட்டை வாங்கிவிடுங்கள். அது ஒரே தட்டில் மொத்தமாக வரும். பொரித்த இறால், பொரித்த கோழி, ஹம்பாகு எனப்படும் கொத்திறைச்சி அடை, முட்டைச் சுருள், உருளைக்கிழங்கு வறுவல், சோறு, புட்டிங் என்று இருக்கும். மாட்டிறைச்சி உண்ணாதவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஹம்பாகு பெரும்பாலும் மாட்டிறைச்சியும் பன்றி இறைச்சியும் கலந்த கொத்தில் செய்யப்படுவது. பார்த்தால் தெரியாது.

ஒரு வயதையொட்டிய குழந்தைக்குக் குழைந்த உணவு சில இடங்களில் தருவார்கள். ரிந்யூஷொகு என்று கேட்டால் புரியும்.

3. உண்ணாதவற்றை முன்கூட்டியே எழுதி அனுப்புங்கள்

தமிழ்க் குடும்பங்களுக்கு மிகவும் முக்கியமான படி இது. அவசரமாகத் தாண்டாதீர்கள்.

ஜப்பானியச் சமையலின் அடித்தளம் தாஷி என்ற சாறு. கட்சுவோபுஷி என்ற உலர்ந்த மீன் சீவலையும் கொம்பு என்ற கடற்பாசியையும் ஊறவைத்து, சூடாக்கி வடிப்பார்கள். தெளிந்த சூப், மிசோ சூப், வேகவைத்த காய், முட்டைப் பணியாரம், தெம்புரா என்ற, மாவில் தோய்த்த பொரியலுக்குத் தொட்டுக்கொள்ளும் சாறு, கீரை மேல் ஊற்றும் சாறு எல்லாவற்றிலும் அது இருக்கும். தட்டில் வெறும் பூசணிக்காய் மட்டும் இருந்தாலும் அது மீன் சாற்றில் வெந்ததாக இருக்கலாம்.

'வெஜிடேரியன்' என்று ஒற்றைச் சொல்லில் எழுதினால், கண்ணுக்குத் தெரியும் மீனையும் இறைச்சியையும் எடுத்துவிட்டு தாஷியை அப்படியே விட்டுவிடுவார்கள். அவர்கள் ஏமாற்றவில்லை. அங்கே அந்தச் சொல்லுக்குப் பலர் கொள்ளும் பொருள் அவ்வளவுதான். அதனால் பொருள் பொருளாகப் பிரித்து எழுத வேண்டும்.

நான் அனுப்பும் செய்தி இப்படி இருக்கும்: "பெரியவர் 2, குழந்தைகள் 2, வயது 3, 6. இறைச்சி எதுவும் வேண்டாம். மீன், இறால், நண்டு, சிப்பி வேண்டாம். மீன் தாஷியும் வேண்டாம். கொம்பு தாஷி, ஷீடாகே காளான் தாஷி சரி. முட்டை, பால் சரி. இது முடியுமா?" மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு ஜப்பானிய மொழியிலேயே அனுப்புங்கள். வாக்கியங்கள் குட்டையாக இருந்தால் மொழிபெயர்ப்பு பிசகாது. 'முடியுமா' என்று கேள்வியாக முடிப்பதும் அவசியம். அப்போதுதான் பதில் வரும், அதைக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளலாம்.

குறைந்தது ஒரு வாரத்துக்கு முன்னாலாவது அனுப்புங்கள். மேஜையில் உட்கார்ந்த பிறகு சொன்னால் அவர்களால் செய்யக்கூடியது அந்தக் கிண்ணத்தை எடுத்துப் போவது மட்டும்தான். பதிலுக்கு வேறு வராது.

மாட்டிறைச்சி மட்டும் வேண்டாம் என்றால் 'க்யூநிகு' வேண்டாம் என்று சொல்லுங்கள், பன்றி என்றால் 'புத்தாநிகு'. பல ரியோகான்களில் விருந்தின் சிறப்பே உள்ளூர் மாட்டிறைச்சியாக இருக்கும். தகாயாமா பக்கம் போனால் நிச்சயம் இருக்கும். மதுவைத் தவிர்ப்பவர்கள் மிரின், சாகே இரண்டையும் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டும். இரண்டுமே அன்றாடச் சமையலில் சேர்கிறவை.

ஒவ்வாமை இருந்தால் அதை விருப்பத்தோடு கலந்து எழுதாதீர்கள். தனி வரியில், 'அரெருகி' என்ற சொல்லோடு, யாருக்கு, எதற்கு, சாறாகச் சேர்ந்தாலும் ஆபத்தா என்று எழுதுங்கள். ஜப்பானில் அதிகம் கவனிக்கப்படுவது சோபா, அதாவது பக்வீட் ஒவ்வாமை; கடுமையான விளைவு வரக்கூடியது. சோபா நூடுல்ஸைத் தவிர்த்தால் மட்டும் போதாது. வந்ததும் தரும் தேநீர் சோபா-சாவாக இருக்கலாம். சில விடுதிகளில் தலையணைக்குள்ளும் சோபா உமிதான் இருக்கும். தலையணையை மாற்றித் தரச் சொல்லலாம்.

'எங்களால் முடியாது' என்று பதில் வந்தால் வற்புறுத்தாதீர்கள். சாப்பாடு இல்லாமல் தங்கும் சுதோமாரி என்ற திட்டத்தில் பதிவு செய்துவிட்டு வெளியே சாப்பிடலாம். முழுச் சைவக் குடும்பமானால் கோயாசான் மலைக்குப் போவதையே நான் சொல்வேன். அங்கே 50க்கும் மேற்பட்ட கோயில்களில் தங்குமிடம் உண்டு. பரிமாறப்படுவது ஷோஜின் ரியோரி: இறைச்சி, மீன் இல்லை, பூண்டு, வெங்காயமும் இல்லை, சாறும் கொம்பு, காளானில் எடுத்தது. எள்ளில் செய்த கோமா-டோஃபு வழுவழுவென்று இருக்கும், பிள்ளைகள் விரும்பித் தின்பார்கள். எள் ஒவ்வாமை இருந்தால் மட்டும் கவனம். உறைய வைத்து உலர்த்திய கோயா-டோஃபு பஞ்சு போலச் சாற்றை உறிஞ்சி வைத்திருக்கும். கடித்ததும் சூடாகப் பீய்ச்சும். ஆறவைத்து, பிய்த்துக் கொடுங்கள்.

4. அன்றைய நாளின் நேரக் கணக்கு

ரியோகானில் அறை திறப்பது பெரும்பாலும் பிற்பகல் 3 மணிக்கு. சாப்பாட்டு நேரத்தை வந்தவுடன் கேட்பார்கள், சில இடங்களில் முன்பதிவிலேயே. இருப்பதில் முந்திய நேரத்தை எடுங்கள். ஐந்தரை கிடைத்தால் ஐந்தரை. ஏழரைக்குத் தூங்கிப் பழகிய குழந்தைக்கு ஏழு மணி விருந்து தண்டனை.

நான் பின்பற்றும் வரிசை: மூன்று மணிக்கு வந்து சேர்வது. மூன்றேகாலுக்குக் குழந்தைக்கு ஏதாவது கொடுப்பது. சின்ன ஓனிகிரி சோற்றுருண்டை பாதி, அல்லது ஒரு வாழைப்பழம். அப்புறம் ஒரு தூக்கம். எழுந்ததும் குளியல், ஆனால் விருந்துக்கு ஒரு மணி நேரமாவது முன்னால். வெந்நீர் ஊற்றில் ஊறிய குழந்தைக்கு அரை மணியில் கண் சொக்கும். குளித்த கையோடு மேஜைக்குக் கொண்டுபோனால் இரண்டாவது கிண்ணத்திலேயே தலை சாயும். நேரம் போதவில்லையென்றால் குளியலை மறுநாள் காலைக்குத் தள்ளுங்கள், தூக்கத்தை விட்டுவிடாதீர்கள்.

ரயில் தவறி, சாப்பாட்டு நேரத்துக்கு வந்து சேர முடியாது என்று தெரிந்தால் உடனே தொலைபேசியில் சொல்லுங்கள். குறிப்பிட்ட நேரத்துக்குப் பிறகு வந்தால் பல இடங்களில் இரவுச் சாப்பாடு கிடைக்காது, பணமும் திரும்பாது. மலை ஊர்களில் அந்நேரத்துக்குத் திறந்திருக்கும் கடையும் இருக்காது.

5. பையில் இருக்க வேண்டியவை

குழந்தைக்குப் பழகிய கரண்டி, கழுத்துத் துணி, சத்தம் போடாத இரண்டு விளையாட்டுப் பொருள். ஒட்டும் படங்கள் கொண்ட புத்தகம் நல்லது. பொத்தானை அழுத்தினால் பாடுகிற எதுவும் வேண்டாம், சுவர்கள் மெல்லியவை.

டப்பாவில் அடைத்த குழந்தை உணவை யாரும் ஆட்சேபித்துப் பார்த்ததில்லை. சூடாக்க வேண்டுமென்றால், 'அதாதமெதே குதாசாய்' என்று கொடுத்தால் சூடாக்கித் தருவார்கள். வேறு வெளிச் சாப்பாட்டை மேஜைக்குக் கொண்டுபோவதானால் முதலில் கேட்டுவிடுங்கள். வெறும் தயிர் ஒரு கிண்ணம் கடையில் வாங்கி அறைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டால், எல்லாம் கைவிட்ட நேரத்தில் சோறும் தயிரும் இருக்கும்.

6. அறைக்குள் நுழைந்ததும் குழந்தையோடு ஒரு சுற்று

சாப்பாடு வருவதற்கு முன்பே, குழந்தையைக் கையில் பிடித்து அறையைக் காட்டிவிடுங்கள். காலணி வாசலில்; தாதாமி பாய் மேல் செருப்பும் கூடாது. ஷோஜி கதவு மெல்லிய காகிதம், விரல் பட்டால் ஓட்டை விழும். கொஞ்சம் உயர்த்திக் கட்டிய மாடம் போன்ற இடத்தில் சித்திரச் சுருளும் பூச்சாடியும் இருக்கும். அது தோகோனோமா, ஏறி உட்காரும் திண்ணை இல்லை. எங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம், "இது சாமி மாடம் மாதிரி" என்று சொன்னதும் தொடாமல் இருந்தார்கள்.

பிறகு உட்காரும் இடம். குழந்தையைக் கதவுக்கு எதிர்ப்பக்கமாக, இரண்டு பெரியவர்களுக்கு நடுவில் உட்காரவையுங்கள். பரிமாறும் நாகாய்-சான் சூடான தட்டுகளோடு கதவுப் பக்கம்தான் மண்டியிட்டு உட்காருவார். அந்த வழியில் குழந்தை உருளக் கூடாது. சின்ன நாற்காலி வேண்டுமென்றால் 'கொதொமோ இசு' என்று கேளுங்கள்.

யுகாத்தா என்ற பருத்தி அங்கியை உடுத்தினால் பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் இடப்பக்கம் மேலே வர வேண்டும். வலப்பக்கம் மேலே வருவது இறந்தவருக்கு உடுத்தும் முறை.

7. மேஜையில் முதல் இரண்டு நிமிடம்

நீங்கள் உட்காரும்போதே மேஜையில் பாதி பொருள்கள் இருக்கும். படம் எடுப்பதற்கு முன்னால் நான்கைக் குழந்தையின் கை எட்டாத தூரத்துக்கு நகர்த்துங்கள்.

முதலாவது, விரல் உயரக் கண்ணாடிக் குவளை. அதில் இருப்பது ஷொகுஸென்ஷு, பசியைத் தூண்டத் தரும் மது. பெரும்பாலும் உமெ என்ற பழத்தில் செய்த இனிப்பான மது. பழரசம் போலவே இருக்கும். குழந்தை கண்ணில் பட்டால் ஒரே மடக்கு.

இரண்டாவது, தனிச் சட்டி அடுப்பு. சட்டிக்குக் கீழே அலுமினியத் தாளில் நீலமாகவோ இளஞ்சிவப்பாகவோ ஒரு வில்லை இருக்கும். பார்ப்பதற்கு ஜெல்லி மிட்டாய். உண்மையில் அது மெத்தனால் கலந்த கெட்டி எரிபொருள், விழுங்கினால் விஷம். பற்றவைத்த பிறகுதான் பெற்றோர் கவனிக்கிறார்கள். பற்றவைக்காமல் கிடக்கும்போதும் அது ஆபத்து. குழந்தையின் பக்கம் அடுப்பு இருந்தால் அதை எதிர்ப்பக்கப் பெரியவரிடம் மாற்றித் தரச் சொல்லுங்கள்.

மூன்றாவது, சஷிமி என்ற பச்சை மீன் தட்டின் ஓரத்தில் இருக்கும் பச்சை உருண்டை. நாத்தனார் மகள் அதைப் பச்சைச் சட்னி என்று நினைத்துச் சுண்டுவிரலில் எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். வசாபி. காரம் மூக்கில் ஏறும், குழந்தைக்கு என்ன நடக்கிறது என்றே புரியாது. அதற்குப் பிறகு அன்று எதையும் வாயில் வாங்கவில்லை.

நான்காவது, மூடி போட்ட சூப் கிண்ணம். அரக்குக் கிண்ணம் வெளியே சுடாது, உள்ளே கொதிக்கும். நம் எவர்சில்வர் டம்ளர் தொட்டவுடன் எச்சரித்துவிடும்; இது எச்சரிக்காது. மூடி ஒட்டிக்கொண்டால் கிண்ணத்தின் விளிம்பை இரண்டு பக்கமும் மெதுவாக அழுத்துங்கள், காற்றுப் புகுந்து விடுபடும். இழுத்தால் சூப் மடியில்தான்.

8. சோற்றை முதலில் கேளுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியுமென்றால் இதை வையுங்கள்: 'கோஹான் ஓ சாகி நி ஒனெகாய்ஷிமாஸ்.' சோற்றை முதலில் கொடுங்கள் என்று பொருள். நாகாய்-சான் முதல் முறை உள்ளே வந்து வணக்கம் சொல்லும்போதே, குழந்தையைக் காட்டிச் சொல்லிவிடுங்கள்.

கைசெகியில் சோறு கடைசியில் வருவதற்குக் காரணம் இருக்கிறது. முன்னால் வருபவை மதுவோடு, பேச்சோடு மெல்ல உண்பவை. சோறும் மிசோ சூப்பும் ஊறுகாயும் சேர்ந்து வந்தால் விருந்து முடிகிறது என்று அர்த்தம். பெரியவர்களுக்கு அந்த வரிசை அழகாகப் பொருந்தும். குழந்தைக்குப் பசி முதலில் வருகிறது. சோற்றை முன்னால் கேட்பது மரியாதைக் குறைவு என்று பலர் வாய் திறக்காமல் இருந்துவிடுகிறார்கள். நான் கேட்ட எந்த இடத்திலும் முகம் சுளித்ததில்லை. சில இடங்களில் அவர்களே, "குழந்தைக்குச் சோறு முன்னால் வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறார்கள்.

ஆனால் ஒரு சிக்கல். அந்தந்த அறைக்குத் தனியாகச் சோறு வடிக்கும் இடங்களில், சின்னக் கமாதோ அடுப்பில் உங்கள் மேஜையிலேயே பொங்கும் இடங்களில், முன்னால் தரச் சோறு தயாராக இருக்காது. அதனால் மூன்று மணிக்கு அறைக்கு வரும்போதே சொல்லிவைப்பது இன்னும் நல்லது.

சோறு கையில் வந்ததும் நிலைமை மாறிவிடும். ஜப்பானிய அரிசி நம் பொன்னி போல உதிராது, ஒட்டும். இரண்டு வயதுக் குழந்தையே கரண்டியில் எடுத்து வாயில் வைத்துக்கொள்ளும். அடுத்தடுத்து வரும் கிண்ணங்களிலிருந்து ஒரு துண்டு மீன், ஒரு துண்டு டோஃபு என்று அந்தச் சோற்றின் மேல் வைத்துக்கொடுத்தால், குழந்தை அந்த விருந்தையே வரிசையாக உண்டுவிடுகிறது. என்னவென்று தெரியாத ஒரு காயைத் தனியாக நீட்டினால் வாயை மூடிக்கொள்ளும். சோற்றின் மேல் என்றால் திறக்கும்.

குழந்தைச் சாப்பாடு தனியாக வாங்கியிருந்தால், அது மொத்தமாக ஒரே நேரத்தில் வந்து, கால் மணியில் முடிந்துவிடும். மீதி ஒன்றேகால் மணி நேரம் என்ன செய்வது? புட்டிங்கையும் பழத்தையும் மட்டும் பிறகு, பெரியவர்களுக்குப் பழம் வரும்போது கொண்டுவரச் சொல்லுங்கள். கடைசியில் ஒன்று காத்திருக்கிறது என்று தெரிந்தால் நான்கு வயதுப் பிள்ளை உட்காரும். பெரியவர்களின் வரிசையையும் கொஞ்சம் வேகமாகத் தரச் சொல்லலாம்: 'ஹயாமே நி ஒனெகாய்ஷிமாஸ்.'

9. எந்தக் கிண்ணத்தில் குழந்தைக்கு என்ன

முதலில் வரும் சின்னச் சின்னப் பதார்த்தங்கள் கண்ணைப் பறிக்கும். அவற்றில் தின்னக்கூடாதவையும் இருக்கும். கறுப்புச் சோயாவைக் கோத்த பைன் ஊசியிலை, அலங்காரத்துக்கு வைத்த மேப்பிள் இலை, பல்குச்சி அளவு மூங்கில் குச்சி. குழந்தைக்குக் கொடுப்பதை இந்தத் தட்டிலிருந்து நேரடியாக எடுக்க விடாதீர்கள். பெரியவர் பிரித்துக் கொடுக்கட்டும். ஐந்து வயது வரை கடினமான கொட்டை, பருப்பு வகைகளைக் கொடுக்க வேண்டாம் என்று ஜப்பானின் நுகர்வோர் அமைப்பே பெற்றோரை எச்சரிக்கிறது, மூச்சுக்குழாயில் போய்விடும்.

அடுத்து சஷிமி. பச்சை மீனை மூன்று வயதுக்கு முன் கொடுக்காமல் இருப்பதுதான் அங்கேயும் பல வீடுகளில் வழக்கம். நான் ஐந்து வயது வரை கொடுக்கவில்லை. 'நாமா' என்றால் பச்சை. சந்தேகமிருந்தால் அந்தச் சொல்லைக் கேள்வியாகக் கேளுங்கள்.

சுட்ட மீன் குழந்தைக்கு நல்ல உணவு. முள்ளை மட்டும் நிதானமாக எடுக்க வேண்டும். கோடையில் ஆயு என்ற ஆற்று மீனை முழுதாகக் குச்சியில் குத்தி உப்பிட்டுச் சுட்டுத் தருவார்கள். வாலும் துடுப்பும் உப்புக் கவசம் போட்டிருக்கும், அதைத் தவிர்த்து முதுகுச் சதையைக் கொடுங்கள். தெம்புராவில் சர்க்கரைவள்ளி, பூசணி எல்லாப் பிள்ளைக்கும் பிடிக்கும். உள்ளே சூடு தங்கும், பிட்டு ஊதிக் கொடுங்கள்.

சவான்முஷி என்ற முட்டைப் பணியாரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாக் குழந்தையும் அதைத்தான் முதலில் பிடித்துக்கொள்ளும். சாறு கலந்த முட்டையை மூடிபோட்ட குவளையில் ஆவியில் வேகவைத்தது. வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். அடியில் இறால், கோழித் துண்டு, காளானோடு மஞ்சள்-பச்சை நிறத்தில் ஒரு கொட்டை பெரும்பாலும் ஒளிந்திருக்கும். அது கின்னான், கிங்கோ மரத்தின் கொட்டை. அதில் உள்ள ஒரு பொருள் உடலில் பி6 வைட்டமினின் வேலையைத் தடுப்பதால், சின்னக் குழந்தைகளுக்கு வாந்தி, வலிப்பு வரலாம். தொண்டையில் சிக்கும் அளவும்கூட. அதனால் முதல் கரண்டி குழந்தைக்கு அல்ல. அடிவரை ஒரு முறை கரண்டியை விட்டுக் கிளறி, கொட்டையை எடுத்து வைத்துவிட்டு, ஆவி அடங்கியதும் கொடுங்கள்.

மோச்சி எனப்படும் அரிசிப் பசை உருண்டை சூப்பிலோ இனிப்பிலோ வரும். சின்னக் குழந்தைக்கு வேண்டவே வேண்டாம்; மெல்ல மெல்ல ஒட்டிக்கொண்டு தொண்டையை அடைத்துவிடும்.

10. பகிர்ந்து கொடுக்கும் முறை

பெற்றோர் தட்டிலிருந்து குழந்தைக்குக் கொடுக்காமல் இருக்க முடியாது. அதற்கு ஒரு வெறும் தட்டு வேண்டும். 'தொரிஸாரா ஓ குதாசாய்' என்றால் இரண்டு மூன்று சின்னத் தட்டுகள் வரும். அதில் வைத்து ஆறவிட்டுக் கொடுங்கள்.

குச்சியிலிருந்து குச்சிக்கு உணவைக் கைமாற்றாதீர்கள். ஆறேழு வயதுப் பிள்ளை குச்சி பிடிக்கப் பழகிய பெருமையில் தன் குச்சியை நீட்டும், நாமும் நம் குச்சியிலிருந்து கொடுத்துவிடுவோம். ஜப்பானில் எரியூட்டிய பின் உறவினர் எலும்பை எடுக்கும் சடங்கில்தான் அப்படிச் செய்கிறார்கள். சோற்றில் குச்சியைச் செங்குத்தாக நட்டு வைப்பதும் இறந்தவருக்குப் படைக்கும் முறை. நம் வீட்டில் பிள்ளைகளிடம் காரணத்தையே சொன்னேன். 'செய்யாதே' என்பதைவிட அது நன்றாக நின்றது.

கையால் பிசைந்து ஊட்டலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். தங்கும் அறையிலோ தனி அறையிலோ சின்னக் குழந்தைக்கு ஊட்டுவதில் தயங்க வேண்டாம். ஆரம்பத்தில் தரும் ஈரத் துண்டு கைக்குத்தான். முகத்தையும் மேஜையையும் அதால் துடைக்காமல், அதற்கு நம் துணியை வைத்துக்கொள்ளுங்கள். முடிந்த கிண்ணங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்க வேண்டாம். உதவி என்று நினைத்துச் செய்வோம், அரக்குப் பூச்சில் கீறல் விழும். ஏதாவது உடைந்தால் உடனே சொல்லிவிடுங்கள். துண்டு தாதாமிக்குள் போய்விட்டால் அங்கேதான் குழந்தை தூங்கப் போகிறது.

11. குழந்தை எழுந்துவிட்டால்

நாற்பது நிமிடத்துக்கு மேல் மூன்று வயதுக் குழந்தை உட்காராது. அதை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு பெரியவர்கள் முறை வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் வெளியே நடைகூடத்தில், தோட்டப் பக்கம் குழந்தையோடு ஐந்து நிமிடம் நடக்க, மற்றவர் சூடாகச் சாப்பிடலாம். குழந்தையோடு போனவரின் சட்டியைப் பற்றவைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். பற்றவைத்துவிட்டால் அந்த வில்லை தானாகத் தீரும்வரை எரியும். திரும்பி வரும்போது அடிபிடித்துக் கிடக்கும்.

12. விருந்து முடியும்போது

மிச்சத்தைக் கட்டித் தரச் சொன்னால் பெரும்பாலும் மறுப்பார்கள். உணவு கெட்டுக் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடும் என்ற அச்சம். சோறு மிஞ்சினால் மட்டும் சில இடங்களில் ஓனிகிரியாகப் பிடித்து அறையில் வைத்துவிட்டுப் போவார்கள். தூங்கிப்போன குழந்தை ஒன்பது மணிக்குப் பசியோடு எழுந்தால் அது கைகொடுக்கும். கேட்டுப் பாருங்கள்.

தொடங்கும்போது 'இதாதாகிமாஸ்', முடிக்கும்போது 'கொச்சிசோ-சமா தெஷிதா'. குழந்தை கைகூப்பி இதைச் சொன்னால் சமையலறை வரை செய்தி போகும். பணம் ஏதும் தனியாகக் கொடுக்க வேண்டியதில்லை.

அறையிலேயே சாப்பிட்டிருந்தால், மேஜையை ஒதுக்கிவிட்டு அங்கேதான் ஃபுத்தோன் விரிப்பார்கள். குழந்தை தூங்கிவிட்டால் சொல்லுங்கள், அதன் படுக்கையை முதலில் போடுவார்கள்.

13. காலையில்

காலைச் சாப்பாடு எளிது. சோறு, மிசோ சூப், சுட்ட மீன், முட்டைச் சுருள், நோரி என்ற கடற்பாசித் தாள், ஊறுகாய் எல்லாம் ஒன்றாகவே வந்துவிடும், காத்திருக்கும் வேலையில்லை. முந்தின இரவு சாப்பிடாத பிள்ளையும் காலையில் நன்றாகச் சாப்பிடுவதைப் பார்த்திருக்கிறேன். நோரியைச் சின்னதாகக் கிழித்துக் கொடுங்கள். பெரிய துண்டு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

மேஜையில் ஓட்டோடு ஒரு முட்டை இருந்தால், அவித்த முட்டை என்று நினைத்து உடைக்கக் கொடுத்துவிடாதீர்கள். சூடான சோற்றில் உடைத்து ஊற்றும் பச்சை முட்டையாகவோ, வெள்ளை பாதி மட்டும் வெந்த ஒன்சென் முட்டையாகவோ இருக்கலாம். 'நாமா தெஸ் கா?' என்று கேட்டுவிட்டு, குழந்தைக்கு நன்றாக வெந்த முட்டைச் சுருளையே கொடுங்கள்.